ஜெனஸிஸை விட்டுப் போன பீட்டர் கேப்ரியல்: ஈகோவா, வேற காரணமா?

வாசகர் ஒருத்தர் கேட்டது, பிப்ரவரி 4

பீட்டர் கேப்ரியலை எல்லாரும் ஜீனியஸ்னு தூக்கி வெச்சு ஆடுறாங்க. எனக்கு இது சாதாரண கதையாத்தான் தெரியுது. ஜெனஸிஸ்னு ஒரு இங்கிலாந்து ராக் பேண்டுல பாடினாரு, அந்தப் பேர்ல வளர்ந்தாரு, தலைக்கனம் ஏறிச்சு, டூர் நடுவுலயே கழட்டி விட்டுட்டுப் போயிட்டாரு. அவர் இல்லாம பேண்டு படுத்துரும்னு எல்லாரும் நெனச்சாங்க, டிரம்மர் எழுந்து வந்து பாடி அவரை விடப் பெரிய ஹிட்டு குடுத்தாரு. சோலோ ஆனதுல அந்தாளுக்கு அப்படி என்னதான் கெடச்சுது? மாத்திச் சொல்றவங்க ஆதாரத்தோட வாங்க.

பிப்ரவரி 4, ராத்திரி

ஆதாரம்தானே, வரேன். முதல்ல அந்த "டூர் நடுவுலயே" தப்பு. 1974 நவம்பர்ல கிளீவ்லண்டுல இருக்கும்போது மத்த நாலு பேர்கிட்டயும் நான் வெளிய போறேன்னு சொல்லிட்டாரு, சரி. ஆனா அதுக்கப்புறம் 1975 மே வரைக்கும், பிரான்ஸ்ல பெசான்ஸோன்ல நடந்த கடைசி ஷோ வரைக்கும் ராத்திரிக்கு ராத்திரி மேடையேறி, அப்ப வந்த 'தி லாம்ப் லைஸ் டவுன் ஆன் பிராட்வே' ஆல்பம் முழுசையும் பாடி முடிச்சுட்டுத்தான் போனாரு. வெளிய ஜனங்களுக்குத் தெரிஞ்சது ஆகஸ்ட்லதான். வேலையை விடப்போறேன்னு சொல்லிட்டு ஆறு மாசம் அதே ஆளுங்களோட அதே வேன்ல போறது எப்படி இருந்திருக்கும்னு யோசிங்க. நானெல்லாம் நோட்டீஸ் பீரியட்ல ஒழுங்கா போன் கூட எடுத்ததில்ல.

பிப்ரவரி 5

ஈகோன்னு ஒரே வார்த்தையில முடிக்கிறதுக்கு முன்னாடி அந்த 1974 எப்படி இருந்துச்சுன்னு பாக்கணும். 'தி லாம்ப் லைஸ் டவுன் ஆன் பிராட்வே' இரட்டை ஆல்பம். ஹெட்லி கிரேஞ்ச்னு ஒரு பழைய வீடு, லெட் ஸெப்பலின் முன்னாடி வேலை பாத்த இடம், எலி ஓடிட்டு இருந்த வீடு, அதுல தங்கி எழுதுறாங்க. பேஸ் வாசிக்கிற மைக் ரதர்ஃபோர்டு 'குட்டி இளவரசன்' கதையை எடுக்கலாம்னாரு, கேப்ரியல் அது வேணாம், நியூயார்க் தெருவுல திரியிற ரயேல்னு ஒரு பையன் கதை சொல்றேன்னாரு, அதோட பாட்டு வரி மொத்தமும் நானேதான் எழுதுவேன்னு பிடிவாதம். விளைவு என்னாச்சுன்னா மத்த நாலு பேரும் ஒரு ரூம்ல இசையைப் போட்டுத் தள்ளுறாங்க, இவர் இன்னொரு ரூம்ல வரி வராம முழிச்சுட்டு இருக்காரு. கடைசில ஒரு பாட்டுக்கு கீபோர்டு வாசிக்கிற டோனி பேங்ஸும் ரதர்ஃபோர்டும் உக்காந்து எழுத வேண்டியதாப் போச்சு.

இதுக்கு நடுவுல 'எக்ஸார்சிஸ்ட்' எடுத்த வில்லியம் ஃப்ரீட்கின் கூப்பிடுறாரு. பாட்டுக்காரனா இல்ல, ஐடியா குடுக்குற ஆளா. ஒரு லைவ் ஆல்பம் அட்டையில கேப்ரியல் எழுதின சின்னக் கதையைப் படிச்சுட்டுத்தான் கூப்பிட்டாராம். கொஞ்ச நாள் ஆல்பத்தை ஒதுக்கி வெச்சுட்டு இதைப் பாக்கலாமான்னு கேப்ரியல் கேட்டாரு, பேண்டு முடியாதுன்னுச்சு, சரி போறேன்னு கிளம்பிட்டாரு, அப்புறம் ஒரு பேண்டு உடையறதுக்கு நான் காரணமா இருக்க மாட்டேன்னு ஃப்ரீட்கினே பின்வாங்கினதும் திரும்பி வந்தாரு.

அதே வருஷம் ஜூலைல முதல் குழந்தை. சிக்கலான பிரசவம், குழந்தை பிழைக்குமான்னே தெரியாத நாளுங்க. ஆஸ்பத்திரிக்கும் ஸ்டுடியோவுக்கும் அலைஞ்சுட்டு இருந்த மனுஷன்கிட்ட மத்தவங்களுக்கு இருந்த கேள்வி வரி எப்ப வரும்கிறதுதான். நாங்க அப்ப ரொம்ப கல்நெஞ்சா நடந்துக்கிட்டோம்னு அவங்களே பின்னாடி ஒத்துக்கிட்டாங்க. எல்லாருக்கும் இருபத்திமூணு இருபத்திநாலு வயசு.

பிப்ரவரி 5, கொஞ்சம் கழிச்சு

அதுக்காக ஈகோவே இல்லன்னு சாதிக்க வரல. 1972ல டப்ளின்ல திடீர்னு மனைவியோட சிவப்பு கவுனைப் போட்டுக்கிட்டு நரித் தலையை மாட்டிக்கிட்டு மேடைக்கு வந்தாரு பாருங்க, அதைப் பத்தி பேண்டுல யார்கிட்டயும் மூச்சு விடல. கேட்டா விட மாட்டாங்கன்னு தெரியும். அடுத்த நாள்ல இருந்து பத்திரிகைல எல்லாம் இவர் படம்தான். பின்னாடி உக்காந்து பன்னெண்டு கம்பி கிட்டார் வாசிக்கிறவனுக்கு எரியுமா எரியாதா? 'லாம்ப்' டூர்ல இன்னும் மோசம், ஸ்லிப்பர்மேன்னு உடம்பு பூரா கட்டி கட்டியா தொங்குற ஒரு டிரஸ், அதுக்குள்ள மைக் வாய்கிட்டயே போகாது. பாட்டுக்காரன் என்ன பாடுறான்னே கேக்காத ஷோ. இந்த விஷயத்துல கேள்வி கேட்டவர் பக்கம் நானும் ஒரு கால் வெச்சுக்கறேன்.

பிப்ரவரி 7

"டிரம்மர் அவரை விடப் பெரிய ஹிட்டு குடுத்தாரு." ஆமா, குடுத்தாரு, யாரும் இல்லன்னு சொல்லல. நெறைய பேரை வரவழைச்சுப் பாடச் சொல்லிப் பாத்துட்டு யாரும் சரி வராம டிரம்மர் ஃபில் காலின்ஸே பாடினாரு, 1976ல 'எ டிரிக் ஆஃப் தி டெய்ல்' வந்துச்சு, இங்கிலாந்து சார்ட்ல 3வது இடம். 'லாம்ப்' 10வது இடம்தான். நம்பர் பேசணும்னா அப்பவே பேண்டு ஜெயிச்சாச்சு.

ஆனா ஒண்ணு, இவர் போனதால அவங்க பொழைச்சாங்கன்னா, அது இவர் போனது தப்புன்னு காட்டுதா, சரின்னு காட்டுதா? ரெண்டு பக்கமும் நல்லா வந்த விவாகரத்துல யாரைக் குத்தம் சொல்லுவீங்க.

பிப்ரவரி 8

வெளிய வந்ததும் நேரா சோலோ ஆல்பத்துக்கு ஓடல, அதைச் சொல்ல விட்டுட்டேன். வீட்டுல இருந்தாரு, தோட்டத்துல முட்டைக்கோஸ் வளர்த்தாரு, பியானோ வாசிச்சாரு. பெரிய ஸ்டார் ஆகணும்னு பேண்டை விட்டவன் செய்யிற வேலையா இது? 1977ல முதல் ஆல்பம், ப்ரொட்யூசர் பாப் எஸ்ரின், ஆலிஸ் கூப்பரோட வேலை பாத்தவர். அதுல இருக்கிறதுதான் 'ஸோல்ஸ்பரி ஹில்'. பாத் நகரத்துப் பக்கத்துல நிஜமாவே இருக்கிற குன்று, மேல இரும்புக்காலத்துக் கோட்டையோட மிச்சம் இருக்கு. பேண்டை விட்டு வந்ததைப் பத்தின பாட்டுதான், ஆனா யாரையும் திட்டாது.

தாளம் போட்டுப் பாருங்க. ஏழு எண்ணிக்கை. மிஸ்ர சாபு கேட்டுப் பழகின கை தானா தகிட தகதிமின்னு போகும், எனக்கும் போச்சு, ஏழு சரியா வந்து விழுது, ஆனா நடை ஒட்டவே ஒட்டாது, ஏன்னா இங்க கீழ டிரம்ஸ் ஒவ்வொரு எண்ணிக்கைக்கும் சமமா தட்டிக்கிட்டே போகுது, எங்கயும் மூணு நாலுன்னு பிரிச்சுக் காட்டாது. கால் தட்டுறவனுக்கு இது நாலுன்னே தோணும். சரி நாலுதான்னு முடிவு பண்ணினதும் ஒரு எண்ணிக்கை முன்னாடியே அடுத்த வரி வந்து நிக்கும். அந்தப் பகுதி முடியிற இடத்துல மட்டும் ரெண்டு சுத்து நெசமாவே நாலுக்கு மாறும், அங்கதான் மூச்சு விடுற மாதிரி இருக்கும். எத்தனையோ வருஷமா கேக்குற பாட்டு, எண்ணிப் பாத்தப்பறம்தான் ஏன் இது நிக்காம ஓடுற மாதிரியே இருக்குன்னு புரிஞ்சுது. ஜெனஸிஸா இருந்தா இந்த ஏழை வெச்சு பத்து நிமிஷம் வித்தை காட்டியிருப்பாங்க. இவர் அதை ஒளிச்சு வெச்சுட்டாரு.

பிப்ரவரி 10

முதல் நாலு சோலோ ஆல்பத்துக்கும் பேரு ஒண்ணுதான்: 'பீட்டர் கேப்ரியல்'. வாரப் பத்திரிகை மாதிரி, பேரு அதே, அட்டைப்படம் மட்டும் வேற. ஈகோ கட்சிக்காரங்களுக்கு இந்தப் பாயிண்டை இலவசமா தரேன், எடுத்துக்கோங்க.

பிப்ரவரி 11

மூணாவது ஆல்பம், 1980. என்னைக் கேட்டா சோலோவுக்கு ஏன் வந்தாருங்கிறதுக்குப் பதில் இதுலதான் இருக்கு. அட்டையில முகம் உருகி வழியும், போலராய்டு படம் காயறதுக்குள்ள அழுத்தி இழுத்து அப்படிப் பண்ணினது. ப்ரொட்யூசர் ஸ்டீவ் லில்லிவைட், சின்ன வயசு. எஞ்சினியர் ஹியூ பட்கம். கேப்ரியல் போட்ட சட்டம் ஒண்ணே ஒண்ணு: டிரம் கிட்டுல சிம்பல், அதாவது ஜல்லுன்னு அடிக்கிற பித்தளைத் தட்டு, கிடையாது. ஒரு ராக் டிரம்மர்கிட்ட போய் சிம்பலைத் தூக்குன்னு சொல்றது லேசு இல்ல, கை பழக்கத்துல அங்கதான் போகும். அங்க அடிக்க ஒண்ணும் இல்லன்னா வேற எதையாவது அடிச்சுத்தான் ஆகணும், அதுதான் கணக்கு.

வாசிச்சது யாரு? ஃபில் காலின்ஸ். ஆமா, அதே டிரம்மர்தான். சண்டை போட்டுப் பிரிஞ்சாங்கன்னு சொல்றவங்க இதைக் கொஞ்சம் மனசுல வெச்சுக்கோங்க.

லண்டன்ல டவுன்ஹவுஸ் ஸ்டுடியோ. அங்க புதுசா வந்த மிக்ஸிங் கன்சோல்ல ஒரு வசதி இருந்துச்சு, வாசிக்கிற ரூம்ல மேல ஒரு மைக் தொங்கும், வாசிக்கிறவங்க பேசறதை உள்ள உக்காந்திருக்கறவங்க கேக்கறதுக்கு. தூரத்துல நின்னு மெதுவா பேசினாலும் கேக்கணும், பக்கத்துல கத்தினாலும் காது கிழியக் கூடாதுன்னு அதுக்கு பயங்கரமா கம்ப்ரெஷன் போட்டு வெச்சிருந்தாங்க. அந்த மைக் திறந்திருக்கும்போது காலின்ஸ் டிரம்ஸ் அடிச்சாரு. உள்ள இருந்தவங்களுக்குத் தூக்கிவாரிப் போட்டுருச்சு. அது பேசறதுக்கான மைக், ரெக்கார்டு பண்ண வழியே கிடையாது, அப்புறம் ஒயரை மாத்திப் போட்டு ரெக்கார்டு ஆகற மாதிரி பண்ணினாங்க. அது கூட நாய்ஸ் கேட் சேத்தாங்க, அதாவது எதிரொலி மெதுவா அடங்கறதுக்குள்ள படார்னு கதவைச் சாத்திருது. பெரிய ரூம், ஆனா எதிரொலி வால் இல்ல. கேப்ரியல் அந்த அடியை அப்படியே நிமிஷக்கணக்குல வாசிக்கச் சொல்லி அது மேல 'இன்ட்ரூடர்' பாட்டைக் கட்டினாரு. ஆல்பத்தோட முதல் பாட்டே அது. அடுத்த வருஷம் காலின்ஸ் அதே சத்தத்தைத் தன்னோட முதல் சோலோ ஆல்பத்துக்கு எடுத்துட்டுப் போனாரு, 'இன் தி ஏர் டுநைட்'ல அந்த டிரம்ஸ் வந்து விழற இடம் யாருக்குத்தான் தெரியாது. எண்பதுகள் பூரா எல்லாரும் அதைப் போட்டு அரைச்சாங்க.

இந்த ஆல்பத்தை அமெரிக்காவுல வெளியிட அட்லாண்டிக் லேபிள் மறுத்துருச்சு. மெர்க்குரி எடுத்து வெளியிட்டுச்சு. இங்கிலாந்துல 1வது இடம்.

பிப்ரவரி 12

"ஒரு டிரம் சத்தத்துக்காக பேண்டை விடணுமா"ன்னு கேட்டிருக்காரு ஒருத்தர். விடணும்னு இல்ல, ஆனா பேண்டுல இருந்துக்கிட்டு சிம்பலைத் தூக்குன்னு சொன்னா ஓட்டெடுப்பு நடக்கும். நாலுக்கு ஒண்ணுன்னு தோத்துருவீங்க.

பிப்ரவரி 12, ராத்திரி

அதே ஆல்பத்தோட கடைசிப் பாட்டு 'பீக்கோ'. ஸ்டீவ் பீக்கோ, தென்னாப்பிரிக்காவுல கறுப்பின உணர்வு இயக்கத்தைக் கட்டினவர், 1977 செப்டம்பர்ல போலீஸ் காவல்ல அடி வாங்கி இறந்தவர். பாட்டு ஆரம்பத்துலயும் முடிவுலயும் வர்ற குரலுங்க அவரோட சவ அடக்கத்துல பாடப்பட்ட பாட்டோட ஒலிப்பதிவுலருந்து எடுத்தது. தென்னாப்பிரிக்காவுல தடை பண்ணிட்டாங்க. நரித் தலை மாட்டிக்கிட்டு இருந்த ஆள் ஏழெட்டு வருஷத்துல எங்க வந்து நிக்கிறாருன்னு பாருங்க. ஒரு வெள்ளைக்கார பணக்காரப் பள்ளிக்கூடத்துப் பையன், சார்ட்டர்ஹவுஸ்ல படிச்சவன், இதைப் பாடலாமான்னு அவருக்கே தயக்கம் இருந்திருக்கு. எனக்கு அந்தப் பாட்டுல பிடிச்சது அந்தக் கோபம் கத்தாம இருக்கிறதுதான். ஒரு பெரிய முரசு, பேக்பைப் மாதிரி ஒரு சத்தம். இதே அளவு விஷயத்தை ஜெனஸிஸ்ல எடுத்திருந்தா ஒரு பக்கம் பூரா ஓடியிருக்கும், 'சப்பர்ஸ் ரெடி' 23 நிமிஷம் ஓடலயா அந்த மாதிரி.

(23 நிமிஷத்தைக் கிண்டல் பண்ணிட்டேன்னு யாரும் வராதீங்க. எனக்கும் அது உயிர்.)

பிப்ரவரி 15

1982 கதை தெரியாதவங்களுக்காக. வோமேட்னு உலக இசைத் திருவிழா ஆரம்பிக்கிறாரு, ஜூலைல, ஷெப்டன் மேலட்ல. புருண்டி டிரம்மர்ஸ் ஒரு பக்கம், எக்கோ அண்டு தி பன்னிமென் ஒரு பக்கம். இசையா பாத்தா அற்புதம், பணமா பாத்தா நாசம். அந்த நேரம் பாத்து ரயில் ஸ்ட்ரைக் வேற. கடன்காரங்க துரத்துறாங்க, கொலை மிரட்டல் வரைக்கும் போச்சு. அப்ப யாரு வந்து நின்னாங்க? விட்டுட்டு வந்த அதே பேண்டு. அக்டோபர் 2ம் தேதி மில்டன் கீன்ஸ்ல ஒரே ஒரு ஷோ, கொட்டற மழைல, வசூல் மொத்தமும் கடனை அடைக்க. கேப்ரியலை ஒரு சவப்பெட்டிக்குள்ள வெச்சு மேடைக்குத் தூக்கிட்டு வந்தாங்க, அதுலருந்து எழுந்து பாடினாரு. தான் செத்துப் போனதா பேசறவங்களுக்கு இதை விடப் பதில் வேணுமா. அதுக்குள்ள பேண்டை விட்டுப் போயிருந்த கிட்டாரிஸ்ட் ஸ்டீவ் ஹாக்கெட்டும் கடைசிப் பாட்டுகளுக்கு வந்து சேர்ந்துக்கிட்டாரு.

தலைக்கனத்துல பிரிஞ்சவனுக்கு யாரும் மழைல நனைஞ்சு கடன் அடைக்க வர மாட்டாங்க. ராத்திரி இதைத்தான் யோசிச்சுட்டு இருந்தேன்.

பிப்ரவரி 18

இனி 'ஸோ', 1986. எல்லாருக்கும் தெரிஞ்ச கேப்ரியல் இதுதான், 'ஸ்லெட்ஜ்ஹாமர்' வீடியோ, பழமெல்லாம் முகம் மேல ஆடுமே. ஒரு கண்ணாடிக்கு அடியில மணிக்கணக்கா படுத்துக் கிடந்து ஒவ்வொரு ஃப்ரேமா எடுத்தது, எம்டிவில 1987ல 9 விருது. பாட்டோட பிராஸ், அதாவது ட்ரம்பெட் மாதிரி ஊதுற வாத்தியங்கள், வாசிச்சதுல வெய்ன் ஜாக்சன் இருக்காரு, சோல் பாடகர் ஓடிஸ் ரெடிங்கோட வாசிச்சவர். 1966ல லண்டன் பிரிக்ஸ்டன்ல ராம் ஜாம் கிளப்புல ஸ்கூல் பையனா நின்னு ஓடிஸ் ரெடிங்கைப் பாத்தவர் கேப்ரியல். இருபது வருஷம் கழிச்சு அந்த ஆசையைத் தீர்த்துக்கிட்டாரு. இது ஜெனஸிஸ்ல நடந்திருக்குமா? டோனி பேங்ஸ் கிட்ட போய் சோல் மியூசிக் பண்ணலாம் பிராஸ் வெச்சுன்னு சொல்லிப் பாருங்க.

ஆனா நான் சொல்ல வந்தது இது இல்ல. இந்த ஆல்பத்தோட ப்ரொட்யூசர் டேனியல் லான்வா. பாத் பக்கத்துல ஒரு பழைய வீடு, மாட்டுக்கொட்டகையை ஸ்டுடியோவா மாத்தி வேலை. இசை ரெடி, வரி வரல. மாசக்கணக்கா வரல. கேப்ரியல் போன்லயே இருக்காரு. பொறுத்துப் பாத்த லான்வா போனை எடுத்துட்டுப் போய் உடைச்சாரு, அதுலயும் நடக்கலன்னதும் ஸ்டுடியோ கதவுக்கு ஆணி அடிச்சு ஆளை உள்ள வெச்சுப் பூட்டிட்டாரு, வரி எழுதினாத்தான் வெளியன்னு.

இதைப் படிச்சப்ப எனக்கு ஹெட்லி கிரேஞ்ச்தான் ஞாபகம் வந்துச்சு. பன்னெண்டு வருஷம் முன்னாடியும் இதே சீன்தானே? இசை ரெடி, அவர் ஒரு ரூம்ல, வரி வரல, வெளிய மத்தவங்க கடுப்புல. அப்ப பேண்டு தொல்லை பண்ணிச்சுன்னு வெளிய வந்தாரு. அப்புறம் பாத்தா அந்தத் தொல்லையைக் காசு குடுத்து வெளியிலருந்து வரவழைக்க வேண்டியிருக்கு. ரெண்டாவது சோலோ ஆல்பத்துல ப்ரொட்யூசர் ராபர்ட் ஃப்ரிப் சட்டு சட்டுன்னு முடின்னு விரட்டினதும் இதே ரகம்தான்.

பிப்ரவரி 19

ஒரு கணக்கு. ஜெனஸிஸ்ல: 1969, 70, 71, 72, 73, 74. ஆறு வருஷம், ஆறு ஸ்டுடியோ ஆல்பம்.

சோலோவுல சொந்தப் பாட்டு ஆல்பங்கள்: 1977, 78, 80, 82, 86, 92, 2002, 2023.

இடைவெளி: 1, 2, 2, 4, 6, 10, 21.

அடுத்த எண் என்னன்னு யாராவது ஐக்யூ டெஸ்ட்டுல கேட்டா எழுதிருங்க.

பிப்ரவரி 19, தொடர்ச்சி

நடுவுல சினிமா இசை, ஆர்க்கெஸ்ட்ரா வெச்சு மத்தவங்க பாட்டைப் பாடின 2010 ஆல்பம், இதெல்லாம் இருக்குன்னு சொல்றீங்க, சரி, இருக்கு. ஆனா அது கூட வாதத்துக்கு வலுதான். அதுல வேற ஒருத்தர் ஏற்கெனவே எழுதின வரி இருக்கு, இல்ல வரியே வேணாம். சட்டுனு முடிஞ்சுருது.

அதனால கேள்வி கேட்டவருக்கு என் பதில் இப்ப கொஞ்சம் மாறிடுச்சு. என்ன கெடச்சுதுன்னா, முடிக்காம இருக்கிற உரிமை கெடச்சுது. பேண்டுன்னா டூர் தேதி போட்டாச்சு, நாலு பேருக்கு வாடகை கட்டணும், நாளைக்கு மிக்ஸ் முடியணும். சோலோவா இருந்தா யாரும் கேக்க முடியாது. அது வரமா சாபமான்னு அவரோட ரசிகனா இருந்து பத்து வருஷம் காத்துக்கிட்டு இருந்து பாத்தாத்தான் தெரியும்.

பிப்ரவரி 22

எல். சங்கரைப் பத்தி ஏன் யாரும் பேசலன்னு ஒருத்தர் கோச்சுக்கிட்டாரு. நியாயம். ஸ்கோர்செஸி எடுத்த 'தி லாஸ்ட் டெம்டேஷன் ஆஃப் கிறைஸ்ட்' படத்துக்குப் போட்ட இசையை கேப்ரியல் திரும்ப மெருகேத்தி 1989ல 'பேஷன்'னு வெளியிட்டாரு, அவரோட சொந்த லேபிள் ரியல் வேர்ல்டு ரெக்கார்ட்ஸோட முதல் வெளியீடே அதுதான். அதுல அந்த வயலின், பத்து கம்பி இரட்டைக் கழுத்து வயலின், நம்ம எல். சங்கர். வி. லட்சுமிநாராயணா மகன், எல். சுப்பிரமணியம் தம்பி, கிட்டாரிஸ்ட் ஜான் மெக்லாஃப்லினோட சக்தி குழுவுல வாசிச்சவர். இயேசு கதைக்கு எகிப்து தாளம், செனகல் குரல், நுஸ்ரத் ஃபதே அலி கான் குரல், நடுவுல நமக்குக் காதுக்குத் தெரிஞ்ச கமகம். முதல் தடவை ஹெட்போன்ல கேட்டப்ப யாரு வாசிக்கிறாங்கன்னு தெரியாது, ஆனா அந்த இழுப்பு எங்கயோ கேட்ட இழுப்புன்னு உள்ள அடிச்சுக்கிச்சு, அட்டையை எடுத்துப் பேரைப் பாத்தேன். கிராமி விருது குடுத்தாங்க, நியூ ஏஜ் பிரிவுல. அந்தப் பிரிவுல போட்டவங்களுக்கு நரகத்துல தனி இடம். அப்புறம் 1993, 94 டூர்லயும் சங்கர் மேடையில இருந்தாரு, வயலின் மட்டும் இல்ல, குரலும்.

மாண்டலின் யூ. ஸ்ரீநிவாஸ் மைக்கேல் புரூக்கோட பண்ணின 'ட்ரீம்', 1995, அதுவும் இதே ரியல் வேர்ல்டுதான். அதைக் கேக்காதவங்க இந்தச் சண்டையை விட்டுட்டு முதல்ல அதைக் கேளுங்க.

பிப்ரவரி 23

"வெள்ளைக்காரன் உலகம் பூரா போய் சத்தம் பொறுக்கிட்டு வந்து தன் பேர்ல வித்தான்." வரும்னு தெரியும். ரொம்ப நாள் நானும் இதே சந்தேகத்தோடதான் கேட்டேன், இன்னும் முழுசா போகல. 'பேஷன்' அட்டையில பெரிய எழுத்துல இருக்கிறது ஒரு பேருதான். ஆனா அதே வருஷம் அந்த ஆல்பத்துக்கு மூலமான இசையையும், கூட வாசிச்சவங்களோட இசையையும் தனி ஆல்பமா போட்டாரு, நுஸ்ரத்தை 1985லயே வோமேட் மேடைக்குக் கூட்டிட்டு வந்தாங்க, அவங்கவங்க பேர்ல அவங்கவங்க ஆல்பம் அந்த லேபிள்ல வந்துச்சு. செனகல் பாடகர் யூசு என்டூர் 'ஸோ' ஆல்பத்து 'இன் யுவர் ஐஸ்' கடைசில பாடுறாரே, அதுக்கப்புறம் அவரை டூருக்கே அழைச்சுட்டுப் போனாரு. திருடன் வீட்டுக்காரனைக் கையோட கூட்டிட்டு வர மாட்டான். இருந்தாலும் அந்த லேபிளுக்கு ஓனர் யாருங்கிற கேள்வி இருக்கத்தான் செய்யுது, அதை மூடி மறைக்க வேணாம்.

பிப்ரவரி 25

ஓனர்னு எழுதினதும் இன்னொண்ணு தோணுச்சு. டோனி லெவின், பேஸ், 1977 முதல் ஆல்பத்துலருந்து 2023 வரைக்கும் இருக்காரு. டேவிட் ரோட்ஸ், கிட்டார், 1980லருந்து. மானு கச்சே, டிரம்ஸ், 'ஸோ'லருந்து. ஜெனஸிஸ்ல கேப்ரியல் இருந்ததே 1967லருந்து 75 வரைக்கும்தான். "சோலோ" கேப்ரியலோட பேண்டு அதை விட நாலஞ்சு மடங்கு நாள் ஒண்ணா இருக்கு. மேடையில மூணு பேரும் வரிசையா ஒரே ஸ்டெப் போட்டு ஆடுறதைப் பாத்தா குடும்பம்னுதான் சொல்லணும்.

'பிக் டைம்' பாட்டுல அந்த பேஸ் சத்தம் எப்படி வந்துச்சு தெரியுமா, லெவின் இடது கையால நோட் பிடிக்கிறாரு, டிரம்மர் ஜெர்ரி மரோட்டா டிரம் குச்சியால கம்பியை அடிக்கிறாரு. அது பிடிச்சுப் போய் லெவின் பின்னாடி விரல்லயே குட்டிக் குச்சி மாட்டிக்கிட்டு வாசிக்க ஆரம்பிச்சாரு. இதுக்கு ஐடியா குடுத்ததே கேப்ரியல்தான்.

அப்ப அவர் கூட்டத்தை விட்டு ஓடல. சரிசமமா ஓட்டு போடுற கூட்டத்தை விட்டுத்தான் ஓடினாரு. ஜெனஸிஸ்ல பாட்டு யாரு எழுதினாலும் பேரு எல்லாருக்கும் போடுவாங்க, எல்லாருக்கும் வாய் உண்டு. இங்க எல்லாருக்கும் கை உண்டு, கடைசி வாய் ஒருத்தருக்குத்தான். கேள்வி கேட்டவரே, இதை ஈகோன்னு சொல்லுவீங்கன்னா சொல்லிக்கோங்க, இப்ப சண்டைக்கு வர மாட்டேன்.

மார்ச் 2

கேள்வி கேட்டவர் திரும்ப வந்துட்டாரு: "ஃபில் காலின்ஸ் சோலோவும் பண்ணினாரு, பேண்டையும் வெச்சுக்கிட்டாரே, இவருக்கு மட்டும் ஏன் முடியல?"

நல்ல கேள்வி. காலின்ஸ் 1981லருந்து 1996 வரைக்கும் ரெண்டு குதிரைலயும் ஓட்டினாரு. ஆனா அவர் வேகமான ஆள், பாட்டு எழுதினா முடிச்சுருவாரு. மேல போட்ட 1, 2, 2, 4, 6, 10, 21 ஆளுக்கு ரெண்டு வண்டி எப்படி? ஒண்ணே நகர மாட்டேங்குது. அதோட 1974ல பேண்டு இருந்த நிலைமை வேற, தனியா ஏதாவது செய்யணும்னு கேட்டாலே துரோகம்னு நெனச்ச காலம். ஒரு வகையில இவர் போனதுக்கப்புறம்தான் அவங்க இறுக்கத்தைத் தளர்த்தினாங்க, ஆளாளுக்கு சோலோ போட்டாங்க, ரதர்ஃபோர்டு கூட மைக் அண்டு தி மெக்கானிக்ஸ் ஆரம்பிச்சாரு.

1986 ஜூலைல அமெரிக்க சார்ட்ல 1வது இடத்துல ஜெனஸிஸோட 'இன்விசிபிள் டச்'. அதைத் தள்ளிட்டு அடுத்த வாரம் ஏறினது 'ஸ்லெட்ஜ்ஹாமர்'. ரெண்டு தரப்புக்கும் அமெரிக்காவுல கெடச்ச ஒரே நம்பர் ஒண்ணு பாட்டு அவை. கதை எழுதுறவன் இப்படி எழுதினா நம்ப மாட்டீங்க.

மார்ச் 3

திரும்ப சேர்றதுக்கு முயற்சி நடக்காம இல்ல. 2004ல அஞ்சு பேரும் உக்காந்து 'லாம்ப்'பை மறுபடி மேடையேத்தலாமான்னு பேசினாங்க. கேப்ரியல் யோசிச்சாரு, யோசிச்சாரு, யோசிச்சுக்கிட்டே இருந்தாரு. காலின்ஸ், பேங்ஸ், ரதர்ஃபோர்டு மூணு பேரும் காத்திருந்து பாத்துட்டு 2007ல அவங்களே டூர் கிளம்பிட்டாங்க. 2010ல ராக் அண்டு ரோல் ஹால் ஆஃப் ஃபேம்ல ஜெனஸிஸைச் சேத்தப்பவும் இவர் வரல, ரிகர்சலாம். 2022 மார்ச்ல லண்டன்ல ஜெனஸிஸோட கடைசி ஷோ நடந்தப்ப வந்தாரு, மேடைக்கு இல்ல, பாக்கறவங்களோட உக்காந்து பாத்தாரு. பாட்டு முடிஞ்சு உள்ள போய் காலின்ஸோட போட்டோ எடுத்துக்கிட்டாரு.

மார்ச் 9

'ஐ/ஓ' ஆல்பத்துல எந்த மிக்ஸ், அதாவது ஒலிக்கலவை, கேக்கறதுன்னு ரெண்டு பேர் கேட்டிருக்கீங்க. புதுசா வர்றவங்களுக்கு: 2023ல ஒவ்வொரு பௌர்ணமிக்கும் ஒரு பாட்டுன்னு வெளியிட்டு டிசம்பர்ல முழு ஆல்பமா போட்டாரு, இங்கிலாந்துல 1வது இடம், 73 வயசுல. பன்னெண்டு பாட்டு, ஆனா எந்த மிக்ஸ் நல்லா இருக்குன்னு முடிவு பண்ண முடியல போல, ஸ்பைக் ஸ்டென்ட் பண்ணினது ஒண்ணு வெளிச்சப் பக்கம்னும் சாட் பிளேக் பண்ணினது ஒண்ணு இருட்டுப் பக்கம்னும் ரெண்டையும் வெளியிட்டுட்டாரு. அது போதாதுன்னு மூணாவதா சரவுண்ட் சவுண்டுக்கு ஒண்ணு. கதவுக்கு ஆணி அடிக்க லான்வா பக்கத்துல இல்ல பாருங்க.

எனக்கு இருட்டுப் பக்கம். டிரம்ஸ் கிட்டத்துல, கொஞ்சம் அழுக்கா, குரல் முன்னாடி வந்து நிக்கும். 'ப்ளேயிங் ஃபார் டைம்' மட்டும் வெளிச்சப் பக்கத்துல கேளுங்க, பியானோவுக்கு அதுதான் சரி. கேள்வி கேட்டவர் அந்தப் பாட்டைக் கேட்டுட்டு வந்து, பரவால்ல, ஆனா 'லாம்ப்'தான் இவரோட உச்சம்னு எழுதியிருக்காரு. பேண்டு ஆல்பத்தை உச்சம்னு சொல்லிட்டு பேண்டை விட்டவனை எதுக்கு மாசம் பூரா திட்டினீங்க சார்? மூணாவது ஆல்பத்தை வைங்க, சிம்பல் இல்லாம இருக்கிறதைக் கவனிச்சுக் கேளுங்க, அப்புறம் பேசலாம்.